டச்சக்காவின் கண் வேலை

"சளிதான் போயிடுச்சே. இன்னும் என்ன யோசனை?" என்று அப்பா கேட்டார்.

டச்சக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டு மாதக் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய காலை அது. முந்தின முறை குழந்தைக்குச் சளி. சளியோடு மயக்க மருந்து கொடுக்க முடியாது, சரியானதும் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. இந்த முறை சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. குழந்தை ஒரு டம்ளரைத் தரையில் தட்டித் தட்டி வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரம் போகலாம்பா. இப்ப ஸ்கூல் படம் எடுக்கிற சீசன். முதலாளி விடமாட்டார்."

"முதலாளிக்கு நான் போன் பண்றேன்."

"வேணாம். கண்ணு நல்லாத்தான் இருக்கு. தினம் பாக்கறேன்ல."

அப்பா குழந்தையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி மேல் பழியைப் போட்டது சும்மா. அந்த மனிதர் கேட்டிருந்தால் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பியிருப்பார். அவளுக்குப் போகப் பயம், அவ்வளவுதான்.

அவளுக்கு டச்சக்கா என்று பெயர் வந்தது ஸ்டுடியோவில். படங்களுக்கு டச்சிங் செய்கிற அக்கா, அதனால் டச்சக்கா. அவளைவிட எவ்வளவோ மூத்தவரான முதலாளிக்கும் அவள் டச்சக்காதான். ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்த அப்பாவே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மாடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவளுடைய மேஜை. படியேறி வருகிறவர்கள் எல்லாரும் அவளுடைய வலது பக்கமாகத்தான் வர முடியும். நாற்காலியை அப்படிப் போட்டிருந்தாள். இடது கண் செயற்கைக் கண். அந்தப் பக்கம் யாராவது வந்து நின்று பேசினால் தூக்கிவாரிப்போடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள். "எனக்கு இடது பக்கம் கிடையாது. வேலை முடியறதுக்கு முன்னாடி நழுவணும்னா அந்தப் பக்கமாப் போங்க."

முகப்பருவை எடுப்பாள், கலைந்த முடியைப் படியவைப்பாள், ஃப்ளாஷ் பட்டுச் சிவந்த கண்ணைக் கறுப்பாக்குவாள். கடைசியில் சொன்னதற்கு ஸ்டுடியோவில் கண் வேலை என்று பெயர். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஊராருடைய இரண்டு கண்ணையும் ரிப்பேர் செய்கிறாள் என்று கேமராக்காரன் கேலி செய்வான். அவன் கேலி செய்யலாம். அவளைக் கட்டிக்கொண்டவன்.

நடக்கப் பழகிய வயதில் அவளுக்கு அந்தக் கண் போனது. போனது என்று சொல்வதுகூடச் சரியில்லை, எடுத்தார்கள். கண்ணுக்குள்ளே கட்டி, கேன்சர். கண்ணை விட்டுவைத்தால் பிள்ளை பிழைக்காது என்று டாக்டர் சொன்னார். அப்பா லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர், நீலப் பெயிண்ட் காயாத விரலோடு கையெழுத்துப் போட்டார். பெண்பிள்ளைகள் கண்ணாடியை விட்டு நகராத வயதில் அவள் ஒருநாள் அவரிடம் கேட்டாள், "எதுக்குப்பா கையெழுத்துப் போட்டீங்க?" என்று. அப்பா கத்தினார். "நீ வேணும்னு போட்டேன். கண்ணுதான் வேணும்னா என்னுதைப் புடுங்கிக்கோ, போ." அதற்கப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கொஞ்ச நாளில் அம்மாவும் இறந்துபோக, வீட்டில் பேச இருந்ததே அந்த இரண்டு பேர்தான்.

ஒற்றைக் கண்ணோடு வாழ்வதில் பெரிய கஷ்டம் அழுகை இல்லை, டம்ளர்தான். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுவாள். படி எங்கே முடிகிறது என்று காலால் தடவித்தான் தெரிந்துகொள்வாள். செயற்கைக் கண் சில சமயம் குழிக்குள் லேசாகத் திரும்பிக்கொள்ளும். பேசுகிறவர்கள் யாரைப் பார்க்கிறாள் என்று தெரியாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், "நான் இங்க நிக்கிறேன், நீ எங்க பாக்கற?" என்று அதட்டினார். அவள் எழுந்து வெளியே குழாயடிக்குப் போனாள். கண்ணைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு வந்து, "இப்பச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். மறுநாள் டீச்சர் லீவு.

கேமராக்காரனிடமும் அவளேதான் சொன்னாள். அவனுக்குத் தன் மேல் ஒரு இது இருக்கிறது என்று தெரிந்ததும், டீ வேளையில் எதிரே உட்கார வைத்து, கண்ணைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இதுதான் விஷயம். பாத்துட்டு ஓடறதுன்னா இப்பவே ஓடு." அவன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "டீ ஆறுது" என்றான். அந்த ஒரு பதிலுக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று சொல்வாள். தனியாக இருக்கும்போது அவனை நீ, வா, போ என்பாள். நாலு பேர் இருந்தால் நீங்க, வாங்க.

குழந்தை வயிற்றில் இருந்தபோதுதான் பழைய கதை திரும்பி வந்தது. கண் டாக்டரம்மா குடும்பத்தில் யாருக்கெல்லாம் என்ன நோய் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். அப்பா ரொம்ப நேரம் யோசித்து, தனக்கு ஒரு தம்பி இருந்ததாகவும், தவழ்கிற வயதில் கண் வீங்கிச் செத்துப்போனதாகவும் சொன்னார். விழுந்து அடிபட்டது என்று வீட்டில் எல்லாரும் அதை முடித்துவைத்திருந்தார்கள். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவுக்கு, அவளுக்கு, பிறந்ததும் குழந்தைக்கு. மூன்று ரத்தத்திலும் அதே கோளாறு.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "கட்டி வளராம தடுக்கிற ஜீன் ஒண்ணு எல்லார் உடம்புலயும் ரெண்டு ரெண்டா இருக்கும். உங்க குடும்பத்துல பிறக்கும்போதே அதுல ஒண்ணு வேலை செய்யல. கண்ணுக்குள்ள ஏதாவது ஒரு இடத்துல இன்னொண்ணும் கெட்டுப்போனா, அங்க கட்டி வந்துடும். உங்கப்பாவுக்கு வராமப் போனது அவர் அதிர்ஷ்டம். குழந்தைக்கு வர வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆனா ஆரம்பத்துலயே பாத்துட்டா கண்ணையே காப்பாத்தலாம். அதனால மாசாமாசம் வந்துடணும்."

அப்பா இரண்டு நல்ல கண்ணாலும் அழுதார். "எனக்கு ஒண்ணும் ஆகாம, உன் தலையில கொண்டுவந்து இறக்கிட்டேனேம்மா." அவரைத் தேற்றுவதிலேயே அவளுக்குத் தன் அழுகை மறந்துபோனது.

மாதாமாதம் போனார்கள். காலையிலிருந்து பால் கொடுக்கக் கூடாது. பசியில் வீறிடுகிற பிள்ளையை வாங்கிக்கொண்டு போய், மயக்க மருந்து கொடுத்து, கண்ணை விரித்து உள்ளே பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா வெளியே வந்து தலையசைத்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்று சொல்லும்வரை டச்சக்காவுக்கு மூச்சே வராது. சளிக்கு முந்தின மாதம் போனபோது கண் சுத்தமாக இருந்தது. ஆனால் குழந்தை சீக்கிரம் கண்விழிக்கவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நர்ஸ்கள் ஓடினார்கள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக, தன் பிள்ளையின் மூக்கில் ஒரு ரப்பர் மூடியை வைத்து யாரோ அழுத்துவதை அவள் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. இது சில பிள்ளைகளுக்கு வருவதுதான், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த நீல உதடு அவள் மனதைவிட்டுப் போகவில்லை. கண்ணைப் பார்க்கப் போய் உயிரை விட்டுவிட்டு வந்துவிடுவோமோ என்கிற எண்ணம் எப்படியோ உள்ளே புகுந்துகொண்டது.

அவளுக்கு இன்னொரு துணை இருந்தது. ஃப்ளாஷ். இருட்டில் நேராக ஃப்ளாஷ் அடித்தால் நல்ல கண்ணின் பாப்பா சிவப்பாகத் தெரியும், உள்ளே கட்டி வளர்ந்திருந்தால் வெள்ளையாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டுடியோக்காரிக்கு இது கைவந்த விஷயம். தினமும் காலையில் ஜன்னலை மூடிவிட்டு கேமராக்காரன் குழந்தையை ஸ்டுடியோ கேமராவில் படம் எடுப்பான். அவள் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, பெரிதாக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் முகம் மலரவில்லை. "எடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா படத்துல தெரியற அளவுக்கு வந்துடுச்சுன்னா அது ஏற்கனவே பெருசாயிடுச்சுன்னு அர்த்தம். படத்தை நம்பி இங்க வராம இருந்துடாதீங்க." அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபம்.

பள்ளிக்கூட சீசன் வந்ததும் கண் வேலை மலையாகக் குவிந்தது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஒவ்வொரு கண்ணாகக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தால் வருஷம் முடிந்துவிடும். அவள் மூளையைக் கசக்கி ஒரு வழி செய்தாள். கேமராவின் கார்டைச் செருகியதுமே கம்ப்யூட்டர் எல்லாப் படங்களையும் தானாக இழுத்துக்கொள்ளும். வெளிச்சத்தைச் சமன் செய்யும். கண் பாப்பாவில் சிவப்போ வெள்ளையோ எது பளிச்சிட்டாலும் கறுப்பை நிரப்பிவிடும். பிறகு கார்டைத் துடைத்துக் காலியாக்கிவிடும். முதலாளி அசந்துபோனார். "டச்சக்கா, நீ இனிமே வீட்டுலயே இருந்துக்கலாம் போல" என்றார்.

அந்தக் கார்டில்தான் அவளுடைய குழந்தையின் படங்களும் வந்தன.

முன்பெல்லாம் படத்தில் கண் இரண்டும் சிவப்பாகத் தெரியும். இப்போது கறுப்பாகத் தெரிந்தது. இருபத்துநாலு மணி நேரமும் கண்களைக் கறுப்பாக்குகிறவளுக்குக் கறுப்புக் கண் என்றால் சரியான கண். ஃப்ளாஷைக் கொஞ்சம் சாய்த்து அடிக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளை இல்லை, அது போதும். வேறு யாராக இருந்தாலும் எங்கே அந்தச் சிவப்பு என்று கேட்டிருப்பார்களோ என்னவோ. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் என்று அப்பாவிடம் சொன்ன நாளிலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அவள் ஸ்டுடியோவுக்கு வந்த அந்த வாரம், ஒரு பெண்மணி மாடியேறி வந்தார். கையில் பள்ளி அடையாள அட்டைக்கான படங்கள்.

"இது எம் பொண்ணு படம்தானாம்மா?"

"ஏன், பேர் மாறிடுச்சா?"

"பேர் சரியாத்தான் இருக்கு. கண்ணு மாறிப்போச்சு." அந்த அம்மா படத்தை மேஜையில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். "சின்னதுல அம்மை போட்டு அவளுக்கு இந்தக் கண்ணுல பூ விழுந்திருக்கு. நல்லா வெள்ளையா தெரியும். படத்துல காணோம். பரீட்சை ஹால்ல இது நீ இல்லைன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது? அவ வேற அழுதுட்டு உக்காந்திருக்கா. அந்த ஸ்டுடியோ அக்காவுக்கு எங்கண்ணு பிடிக்கலையாம்மான்னு கேக்கறா."

டச்சக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒற்றைக் கண்காரி, இன்னொரு பிள்ளையின் கண்ணை அழித்திருக்கிறாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. நான் வேணும்னு பண்ணல. கம்ப்யூட்டர் தானாவே பண்ணிடுச்சு. கண்ணுல வெள்ளையா எது இருந்தாலும் அதுவே கறுப்பா..."

வாக்கியம் அங்கேயே நின்றது. அந்த அம்மா, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது. குழந்தையின் படங்களைத் திறந்தாள். நேற்று. அதற்கு முன்தினம். அதற்கும் முன்னால். எல்லாவற்றிலும் அழகான, உருண்டையான, ஒரே மாதிரிக் கறுப்பு. அவள் தேர்ந்தெடுத்து வைத்த கறுப்பு. இத்தனை நாளும் பிள்ளையின் கண் என்று நினைத்துத் தன் கைவேலையைப் பார்த்துத்தான் நிம்மதிப்பட்டிருக்கிறாள்.

அசல் படம் ஒன்றுகூட இல்லை. கார்டு துடைத்தாகிவிட்டது. கேமராக்காரன் கேமராவோடு ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தான். அலமாரியில் கிடந்த பழைய கேமராவையும் ஃப்ளாஷையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் கால் தவறி, கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தாள். வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடினாள். இடது பக்கமாக வந்த சைக்கிள்காரன் அவளை இடிக்காமல் இருக்க ஒடித்துத் திருப்பிவிட்டு, "கண்ணு தெரியலையா?" என்று கத்தினான். தெரியவில்லைதான். நின்று சொல்ல நேரமில்லை.

அப்பா குழந்தையைத் தூங்கவைக்கப் பார்த்துத் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தார். மகள் வந்த கோலத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஜன்னலைச் சாத்துங்கப்பா. புள்ளைய மடியில வச்சுக்கோங்க. என்னைப் பாக்க வைங்க."

"என்னம்மா?"

"அப்புறம் சொல்றேன். பாக்க வைங்கப்பா!"

குழந்தைக்கு அது விளையாட்டு. தாத்தாவின் மூக்கைப் பிடித்தது, கதவைப் பார்த்தது, தன் கால் விரலைப் பார்த்தது, கேமராவை மட்டும் பார்க்கவில்லை. அப்பா நாக்கால் டொக் டொக் என்று ஓசை எழுப்பினார். டச்சக்கா கூப்பிட்டாள், கொஞ்சினாள், கடைசியில் அழுகிற குரலில் கெஞ்சினாள். அந்தக் குரல் புதிதாக இருந்ததாலோ என்னவோ, குழந்தை திரும்பி நேராகப் பார்த்துச் சிரித்தது. ஃப்ளாஷ் அடித்தது.

கேமராவின் சின்னத் திரையில் குழந்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. இடது கண்ணில் சிவப்பு. வலது கண்ணில் பாலாடை படிந்த மாதிரி வெள்ளை.

அப்பா எட்டிப் பார்த்தார். குழந்தையை இறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இதே வெள்ளையைத் தன் பெண்ணின் கண்ணில் பார்த்தவர்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். குழந்தை பால் குடித்திருப்பதால் அன்று மயக்கம் கொடுக்க முடியாது, மறுநாள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். கேமராக்காரனுக்குப் போன் செய்தாள். "பாப்பா கண்ணுல வெள்ளை தெரியுது" என்றாள். அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "வரேன்" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அவருக்கு அந்த வராந்தா ஒரு தரம் போதும். குழந்தையை உள்ளே கொண்டுபோய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. வழக்கத்தைவிட ரொம்ப நேரம். உள்ளேயிருந்து நர்ஸ் ஒருத்தி வந்து எதையோ எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். அவள் நடக்கிற வேகத்தை வைத்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா என்று டச்சக்கா பார்த்தாள். ஓடவில்லை. அதுவரைக்கும் நல்லது. கேமராக்காரன் தரையைப் பார்த்தபடியே இருந்தான்.

டாக்டரம்மா வெளியே வந்து, வழக்கம்போல நின்றபடி சொல்லிவிட்டுப் போகாமல் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

"மயக்கத்துல ஒரு பிரச்சினையும் இல்ல. மூச்சு நல்லா இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வலது கண்ணுல பெரிய கட்டி இருக்கு. நடுவுலயே இருக்கு. இடது கண்ணுல ஓரமா சின்னதா ரெண்டு இருந்தது, லேசர் வச்சு சுட்டுட்டேன். வலதுக்கு லேசர் பத்தாது. கேன்சர் மருந்து ஏத்திக் கட்டியைச் சுருக்கணும், அப்புறம் லேசர். கண்ணை எடுக்காமப் பாத்துக்கலாம்னுதான் நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கண்ணோட நேர்ப் பார்வை திரும்பாது. ஓரப் பார்வை கொஞ்சம் இருக்கும்."

"உயிருக்கு?" என்றாள் டச்சக்கா.

"கண்ணை விட்டு வெளிய போகல. உயிரைப் பத்தி நீங்க இப்ப பயப்பட வேணாம்."

அதைக் கேட்டுக்கொண்டு எழுந்துபோயிருக்கலாம். அவள் போகவில்லை.

"சளி விட்டதும் வந்திருந்தா, டாக்டர்?"

டாக்டரம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரிதான் இருந்தது. "சின்னதா இருந்திருக்கும்மா. அனேகமா லேசர்லயே முடிச்சிருப்பேன். பார்வையும் தங்கியிருக்கும்." பிறகு அவள் கையைத் தொட்டு, "இனிமே விடாதீங்க. புதுசு புதுசா வர்ற வயசு இது. ரெண்டு கண்ணையும் பாத்துட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வராந்தாவில் யார் யாரோ நடந்தார்கள். டச்சக்கா கணவன் பக்கம் திரும்பினாள். சொல்லித்தான் ஆக வேண்டும். மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: கார்டைச் செருகினால் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது, குழந்தையின் படங்களும் அதே வழியாகத்தான் வந்தன, வந்த வெள்ளையை எல்லாம் தானே அழித்துவிட்டுக் கறுப்பு கறுப்பு என்று சந்தோஷப்பட்டது, அந்தச் சந்தோஷத்தில் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டது. "நான்தான் கெடுத்தேன். என் கையாலயே கெடுத்தேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க." அவன் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னான்.

"நான் பாத்தேன்."

"என்னத்த?"

"வெள்ளைய. கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்கிரீன்ல. சளி விட்டும் நாம போகாம இருந்தோமே, அதுக்கப்புறம் ஒரு நாள் தெரிஞ்சுது. அப்புறம் இன்னொரு நாளும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"பாத்தியா? பாத்துட்டு சும்மா இருந்தியா?" நாலு பேர் இருக்கிற இடம் என்பதெல்லாம் போய்விட்டது. "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சின்ன ஸ்கிரீன், வெளிச்சம் பட்டிருக்கும்னு நினைச்சேன். உன் கம்ப்யூட்டர்ல நீ பெருசாக்கிப் பாத்துட்டு, நல்லா கறுப்பா இருக்குன்னு சொன்னே. உனக்குத் தெரியாததா? அதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன்."

"சந்தேகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ திரும்பப் பார்ப்பே." அவனுக்குக் குரல் உடைந்தது. "திரும்பப் பாத்து, இருக்குன்னு சொல்லிட்டா? அந்தப் பயத்துலதான் கேக்கல. தெரிஞ்சேதான் கேக்கல."

கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது அவளுக்கு. அவ்வளவு கோபம். அந்தக் கோபத்துக்குள்ளேயே கேவலமாக ஒரு ஆறுதலும் எட்டிப் பார்த்தது, பழி தன் தலையில் மட்டும் இல்லை என்று. அது வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. இவன் வெள்ளையைப் பார்த்துவிட்டு அவளுடைய கறுப்பை நம்பினான். அவள் நீல உதட்டைப் பார்த்துவிட்டு அதே கறுப்பை நம்பினாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, பயத்தில், பிள்ளையின் ஒரு கண்ணின் பார்வையைப் பறிகொடுத்துவிட்டார்கள். அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். செயற்கைக் கண்ணிலிருந்தும் கண்ணீர் வரும். அது பலருக்குத் தெரியாது.

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "பாப்பா முழிச்சிடுச்சு. யாராவது ஒருத்தர் மட்டும் வாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. "நீ போ. என்னால அந்தக் கண்ணைப் பாக்க முடியாது."

டச்சக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனுடைய சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவன் வரமாட்டேன் என்றான். அவள் விடவில்லை. கதவில் நர்ஸ் கையைக் குறுக்கே வைத்தாள்.

"ஒருத்தர்தான்னு சொன்னேன்ல?"

"ரெண்டு பேர் சேர்ந்துதான் பெத்தோம்" என்று சொல்லிவிட்டு டச்சக்கா அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குழந்தை ஒரு பெரிய கட்டிலின் நடுவில் சின்னதாகக் கிடந்தது. இமை இரண்டும் வீங்கியிருந்தன. சொட்டு மருந்தில் கண்ணின் பாப்பா விரிந்து, வலது கண்ணுக்குள் அந்த வெள்ளை ஃப்ளாஷ் இல்லாமலே தெரிந்தது. டச்சக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுடைய கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"பாரு" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"பாருடா. எனக்கு ஒரு கண்ணுதான். நான் ஒருத்தியே பாத்துட்டு இருக்க முடியாது. இனிமே நான் கறுப்புன்னு சொன்னாலும் நீ நம்பக் கூடாது. நீயும் பாக்கணும்."

அவன் மெதுவாகத் திரும்பினான். முதலில் நெற்றியைப் பார்த்தான், பிறகு மூக்கை, பிறகு வலது கண்ணை. பார்த்தவன் பார்வையை எடுக்கவில்லை. உதடு துடித்தது, ஆனால் எடுக்கவில்லை. குழந்தை அவனை அடையாளம் கண்டுகொண்டு, காலையிலிருந்து பால் தராமல் பட்டினி போட்டதற்காக அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, உரக்க அழ ஆரம்பித்தது.